செட்டிநாட்டு வீட்டு டூர் ஆப்: எக்ஸ்எம்எல் டேக் வரிசை கலையாம படிக்க எத எடுக்கலாம்?

செட்டிநாட்டு வீடு ஒண்ண ஆடியோ கைடு ஆப்ல சுத்திக் காட்டணும்னா அதுக்கு ஒரே வரிசைதான்: திண்ணை, முகப்பு (முன்பகுதி), வளவு (தூண் வச்ச நடுமுற்றம்), ரெண்டாங்கட்டு (அதுக்குப் பின்னாடி இருக்குற பகுதி), அடுப்படி. வீடே அப்டித்தான் நீளத்துக்குக் கட்டியிருக்கு, முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. நடந்து போற ஆளுக்கு போன்ல ஒரு பத்தி, அப்புறம் ஒரு படம், அப்புறம் இன்னொரு பத்தி, நடுவுல ஒரு ஆடியோன்னு வரணும், அதுல ஒண்ணு இடம் மாறினாலும் போச்சு. காரைக்குடியில உக்காந்து நாங்க இந்த மாதிரி ஆப் ஒண்ணு பண்ணிக்கிட்டிருக்கோம், மேட்டர் எல்லாம் எக்ஸ்எம்எல் ஃபைலாத்தான் (ஒவ்வொரு விஷயத்தையும் பேரு போட்ட டேக்குக்குள்ள வச்சு எழுதுற ஃபார்மேட்) வருது, வீடுகளப் பதிவு பண்ற டீம் வேற, அவங்க டூல் துப்புற ஃபார்மேட் அது, நாம சொல்லி மாறப் போறதில்ல. அத போன்ல படிக்க என்னென்ன வழி இருக்கு, எதுல வரிசை நிக்கும், எதுல நிக்காதுன்னு வச்சுப் பாத்ததத்தான் எழுதுறேன். ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுக்கும், கூடவே ஒரே கோடுல ரெண்டு போனுக்கும் ஆப் எழுதுற ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் ஆளுங்களுக்கும் சேத்து.

ஃபைல் சுருக்கமா இப்டி இருக்கும்:

<வீடு ஊர்="கானாடுகாத்தான்">
  <பத்தி>திண்ணையத் தாண்டி நிமிந்து பாருங்க, நிலைக்கு மேல கஜலட்சுமி.</பத்தி>
  <படம் கோப்பு="நிலை"/>
  <பத்தி>இப்ப <சொல்>வளவு</சொல்> உள்ள வந்துட்டோம், தூணத் தொட்டுப் பாருங்க.</பத்தி>
  <ஒலி கோப்பு="தூண்"/>
  <படம் கோப்பு="தூண்"/>
  <பத்தி>காலுக்குக் கீழ இருக்குறது ஆத்தங்குடிக் கல்லு.</பத்தி>
</வீடு>

டேக் பேரு தமிழ்ல இருக்கேன்னு பயப்பட வேண்டாம், 1998ல எக்ஸ்எம்எல் 1.0 வந்தப்பவே தமிழ் எழுத்துல டேக் பேரு வைக்க அனுமதி இருக்கு. ஆனா அதுல ஒரு குழி இருக்கு, பின்னாடி சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். எக்ஸ்எம்எல்ல எலிமெண்ட் (டேக் தொறந்து மூடுற வரைக்கும் உள்ளது) எந்த வரிசையில எழுதியிருக்கோ அது அர்த்தமுள்ள வரிசை, ஆனா ஆட்ரிபியூட் (டேக்குக்குள்ளயே ஊர், கோப்புன்னு வர்றது) வரிசைக்கு அர்த்தம் கிடையாதுன்னு ஸ்பெக்லயே எழுதியிருக்கு. அதனால யாராச்சும் திண்ணை, முகப்பு, வளவு எல்லாத்தையும் ஒரே டேக்ல ஆட்ரிபியூட்டா அடுக்கி வச்சுட்டு "நான் எழுதுன வரிசையில வரல"ன்னு வந்தா அதுக்கு எந்த பார்சரும் (ஃபைலப் படிச்சுப் பிரிச்சுக் குடுக்குற கோடு) பொறுப்பில்ல, ஐபோன்ல அது டிக்ஷனரியாத்தான் கைக்கு வரும். எலிமெண்ட்டுக்கு அந்தப் பிரச்சனை இல்ல. எனக்குத் தெரிஞ்சு பொழக்கத்துல இருக்குற எந்த பார்சரும் எலிமெண்ட்ட மாத்திப் படிக்காது, மேல இருந்து கீழ படிச்சு அதே வரிசையிலதான் குடுக்கும். அத வாங்கி நாம எதுல போட்டு வைக்கிறோமோ அங்கதான் வரிசை தொலையுது. எத எடுக்கலாம்னு பாக்கும்போது லைப்ரரி பேர விட அது கடைசியில லிஸ்ட் (வரிசையா அடுக்குனது) தருதா மேப் (பேரு வச்சு எடுக்குற தொகுப்பு, அந்தப் பேருதான் கீ) தருதான்னு பாக்குறதுதான் முக்கியம்.

எல்லாரும் முதல்ல போறது மேப்புக்குத்தான். எக்ஸ்எம்எல்ல ஜேசன் மாதிரி ஒரு ஆப்ஜெக்ட்டா மாத்திக் குடுக்குற கன்வர்ட்டர் எல்லா மொழியிலயும் இருக்கு, ஒரே வரியில வேலை முடிஞ்சிரும், டாட் போட்டு டாட் போட்டு எடுத்துக்கலாம். மேல இருக்குற வீட்ட அதுல குடுத்தா பத்தின்னு ஒரு அரே, அதுல மூணு. படம்னு ஒரு அரே, அதுல ரெண்டு. ஒலின்னு ஒண்ணு. பத்திக்குள்ள வரிசை சரியா இருக்கும், படத்துக்குள்ளயும் சரியா இருக்கும், ஆனா எந்தப் பத்திக்கு அப்புறம் எந்தப் படம்ங்கிறது காணாமப் போயிருக்கும், அத மறுபடி கண்டுபிடிக்கவே முடியாது. கல்யாணத்துல பொண்ணுக்குக் குடுக்குற சாமான வளவுல பரப்பி வச்சிருப்பாங்கல்ல, பித்தளை ஒரு பக்கம் எவர்சில்வர் ஒரு பக்கம்னு, எத்தனை இருக்குன்னு எண்ணிக்கலாம், எது முதல்ல வந்துச்சுன்னு அதப் பாத்து யாரும் சொல்ல முடியாது, அந்தக் கதைதான்.

எங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் பண்ணி வச்சிருந்த வெர்ஷன் இப்டித்தான் இருந்துச்சு. வீடு காட்டுற கைடு அண்ணன் ஒருத்தர் இருக்கார், சின்ன வயசுல இருந்து இந்த வீடுகளுக்குள்ளயே வளந்தவர், அவர் கையில போனக் குடுத்தா முகப்புல நின்னுக்கிட்டு ஒரு நிமிஷம் பாத்தாரு. "ஏன் தம்பி, படத்துல வளவுத் தூண் தெரியுது, பேச்சு இன்னும் திண்ணையிலயே உக்காந்திருக்கு, வீட்டப் பாக்காதவன் எழுதுனதா இது?"ன்னாரு. "இல்லண்ணே, எழுதுனது சரிதான், ஆப்தான் மாத்திக் காட்டுது"ன்னு சொன்னா, "அப்ப ஆப்ப முதல்ல வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டு"ன்னுட்டு அவர் பாட்டுக்கு டூரிஸ்ட்டக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. பிழை என்னன்னு இதவிடத் தெளிவா எந்த பக் ரிப்போர்ட்டும் சொன்னதில்ல.

இந்த மேப் வழியில இன்னொரு எரிச்சல், வீட்டுல ஒரே ஒரு படம் இருந்தா அது அரேயா வராது, தனி ஆப்ஜெக்ட்டா வரும். ரெண்டு படம் இருக்குற வீட்டுல ஓடுற கோடு ஒரு படம் இருக்குற வீட்டுல படுத்துரும். அதுக்குன்னு எப்பவும் அரேயாக் குடுன்னு சொல்ற ஆப்ஷன் பல லைப்ரரியில இருக்குன்னாலும், வரிசைப் பிரச்சனை அப்டியேதான் நிக்கும்.

பிழை வெளிய தெரியுறதும் மொழிக்கு மொழி மாறும். ஸ்விஃப்ட்ல டிக்ஷனரிக்கு வரிசையே கிடையாது, ஸ்விஃப்ட் 4.2ல இருந்து ஹேஷ் சீடையே ஒவ்வொரு தடவ ஆப் ஓடும்போதும் மாத்துறாங்க, அதனால காலையில ஒரு மாதிரி சாயங்காலம் ஒரு மாதிரி வரும், டெவலப்பர் கண்ணுல பட்டுரும். கோட்லின்ல சாதாரணமா மேப் உருவாக்கினா பின்னாடி இருக்குறது லிங்க்டு ஹேஷ்மேப், டார்ட்லயும் அப்டித்தான், போட்ட வரிசையில கீ நிக்கும். கேக்க நல்லாருக்கு, ஆனா இதுதான் ஆபத்து. டெஸ்ட்டுக்குப் போட்ட ஃபைல்ல பத்தி எல்லாம் முதல்ல, படம் எல்லாம் கடைசியிலன்னு இருந்தா எல்லாம் சரியாத் தெரியும், "நம்ம மேப் வரிசையக் காப்பாத்துது"ன்னு நம்பி ரிலீஸ் பண்ணிருவோம், பத்தியும் படமும் மாறி மாறி வர்ற வீடு வந்ததும் கொழம்பும். லிங்க்டு ஹேஷ்மேப் காப்பாத்துறது கீயோட வரிசைய, ஒரே பேர்ல பல டேக் வேற டேக்கோட கலந்து வர்ற வரிசைய இல்ல. ஜாவாஸ்கிரிப்ட்ல இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, கீ வெறும் எண்ணா இருந்தா போட்ட வரிசைய விட்டுட்டு எண் வரிசையிலதான் முதல்ல வரும். டேக் பேரு எண்ணுல தொடங்க முடியாதுங்கிறதால நேரா மாட்ட மாட்டோம், ஆனா அறை நம்பரக் கீயா வச்சு ஆப்ஜெக்ட்ல போட்டா மாட்டும்.

மேப் வழிய அப்ப எப்ப எடுக்கலாம்? செட்டிங்ஸ் மாதிரி, வரிசையே தேவைப்படாத சின்ன ஃபைலுக்கு. இந்த வேலைக்கு வேண்டாம், யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து டாம். முழு ஃபைலயும் மரமா மெமரியில ஏத்திக்கிட்டு சைல்டு நோடு ஒண்ணொண்ணா நடக்குறது. வரிசை அப்டியே இருக்கும், முன்ன பின்ன போகலாம், "இந்தப் படத்துக்கு முன்னாடி இருக்குற பத்தி எது"ன்னு கேட்டா உடனே கிடைக்கும். ஆண்ட்ராய்டுல டாக்குமெண்ட் பில்டர் கூடவே வருது, தனியா எதுவும் சேக்க வேண்டாம். மெமரி ஃபைல் சைஸ விடப் பல மடங்கு திங்கும்னு பயமுறுத்துவாங்க, உண்மைதான், ஆனா ஒரு வீட்டுக்கு நூறு இருநூறு கேபி எழுத்துன்னா இப்ப இருக்குற போனுக்கு அது ஒண்ணுமில்ல. மொத்த எழுபத்துச் சொச்சம் செட்டிநாட்டு ஊரையும் ஒரே ஃபைல்ல போட்டா அப்ப பேசிக்கலாம்.

டாம்ல வரிசைய நாமளே கெடுத்துக்குற இடம் ஒண்ணு இருக்கு. டேக் பேரக் குடுத்து எல்லாத்தையும் எடுக்குற ஃபங்ஷன் இருக்குல்ல, அத வச்சுப் பத்தி எல்லாம் ஒரு தடவ, படம் எல்லாம் ஒரு தடவன்னு எடுத்தா மேப் வழியில என்ன ஆச்சோ அதேதான் இங்கயும் ஆகும். அதுவும் போக அது நேர் பிள்ளைய மட்டும் தராது, உள்ள உள்ள எத்தனை ஆழத்துல இருந்தாலும் அள்ளிக்கிட்டு வரும், குறிப்புக்குள்ள இருக்குற பத்தியும் மெயின் பத்தியோட சேந்துரும். சைல்டு நோடுல நடக்கணும், அவ்ளோதான். நடக்கும்போது டேக்குக்கு நடுவுல இருக்குற வெத்து இடைவெளியும் டெக்ஸ்ட் நோடாக் கணக்குல வரும், "ஏன் மூணாவது பிள்ளை படமா இல்ல, காலியா இருக்கு"ன்னு கேக்குற ஆள் எல்லா டீம்லயும் ஒருத்தர் உண்டு. வெத்து இடைவெளிய விட்டுருன்னு ஒரு செட்டிங் இருக்கு, அது டிடிடி (எந்த டேக்குக்குள்ள எது வரலாம்னு சொல்ற விதி) வச்சு வேலிடேட் பண்ணாத்தான் வேலை செய்யும், ஆண்ட்ராய்டுல இருக்குறது வேலிடேட் பண்ற பார்சர் இல்ல, அதனால அதத் தொட வேண்டாம், எலிமெண்ட்டா டெக்ஸ்ட்டான்னு நாமளே பாத்துக்கணும்.

ஐபோன்ல டாம் கதையே வேற. ஃபவுண்டேஷன்ல இருக்குற எக்ஸ்எம்எல் டாக்குமெண்ட் கிளாஸ் மேக்குக்கு மட்டும்தான், ஐஓஎஸ்ல கிடையாது. வேணும்னா வெளி லைப்ரரி, இல்ல லிப்எக்ஸ்எம்எல்2வ நேரா சி மொழியில கூப்புடணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதணும்னு நெனைக்குற டீமுக்கு இது இடிக்கும். ஃப்ளட்டர்காரங்களுக்கு இந்தக் கவலை இல்ல, டார்ட்டோட எக்ஸ்எம்எல் பேக்கேஜ் டாம் மாதிரி மரத்தக் கட்டி சில்ட்ரன்னு வரிசையா ஒரு லிஸ்ட் குடுக்குது, எலிமெண்ட் மட்டும் வேணும்னா அதுக்குத் தனி லிஸ்ட். ஆனா பத்திக்குள்ள போனதும் எலிமெண்ட் மட்டும் லிஸ்ட்ட எடுத்துராதீங்க, "இப்ப", "உள்ள வந்துட்டோம்" எல்லாம் போயி வளவுங்கிற ஒரே சொல்லு மிஞ்சும்.

நான் நிறைய நேரம் போட்டுப் பாத்தது மூணாவது வழியத்தான். ஆண்ட்ராய்டுல புல் பார்சர், ஐபோன்ல எக்ஸ்எம்எல் பார்சர். ரெண்டுமே ஃபைல மேல இருந்து ஓட்டிக்கிட்டே வந்து "இந்த டேக் தொறந்துச்சு, இந்த எழுத்து வந்துச்சு, இந்த டேக் மூடுச்சு"ன்னு சொல்லும். வித்தியாசம் என்னன்னா, புல்லுல அடுத்தத நாம கேட்டு வாங்குறோம், ஐபோன்ல அது நம்ம டெலிகேட்டக் கூப்புட்டுச் சொல்லும். கூகுளோட ஆண்ட்ராய்டு கைடுலயே புல் பார்சரத்தான் சிபாரிசு பண்ணியிருக்காங்க. எழுதிப் பாத்தா புல்தான் படிக்கச் சுகமா இருக்கு, வீடு டேக்குக்கு ஒரு ஃபங்ஷன், பத்திக்கு ஒண்ணு, படத்துக்கு ஒண்ணுன்னு கோடே ஃபைல் மாதிரி தெரியும். ஐபோன்ல இப்ப எந்த டேக்குக்குள்ள நிக்கிறோம்னு நாமளே ஒரு ஸ்டாக் வச்சு ஞாபகம் வச்சுக்கணும், கொஞ்சம் வளவளன்னு போகும்.

வரிசைய எப்டிக் காப்பாத்துறது? ஒரே ஒரு லிஸ்ட். கோட்லின்ல சீல்டு கிளாஸ், ஸ்விஃப்ட்ல ஈனம் (enum), அதுல பத்தி, படம், ஒலின்னு வகை, எந்த டேக் மூடுனாலும் அந்த ஒரே லிஸ்ட்டோட கடைசியில சேக்குறோம். பத்திக்கு ஒரு லிஸ்ட், படத்துக்கு ஒரு லிஸ்ட்டுன்னு பிரிச்சீங்கன்னா முடிஞ்சது, எவ்ளோ நல்ல பார்சரா இருந்தாலும் மேப் வழிக்கே திரும்பிப் போயிட்டோம். தெரியாத டேக் வந்தா பேசாமத் தாண்டிப் போயிராம அந்த இடத்துல 'தெரியாதது'ன்னு ஒரு ஐட்டமப் போட்டு வச்சுக்கிறது நல்லது, பதிவு டீம் நாளைக்கு காணொளின்னு புது டேக் சேத்தா அது எங்க வரணும்ங்கிற இடமாவது கையில இருக்கும்.

இந்த வழியோட சின்னச் சின்னத் தொல்லைகள்லதான் நேரம் போகும். ஐபோன்ல எழுத்து வந்துச்சுன்னு சொல்ற கால்பேக் ஒரு பத்திக்கு ஒரு தடவதான் வரும்னு கணக்கில்ல, துண்டு துண்டா வரலாம், நடுவுல ஆம்பர்சண்ட் மாதிரி எண்டிட்டி வந்தா அங்க ஒரு உடைப்பு. எல்லாத்தையும் சேத்துக்கிட்டே வந்து டேக் மூடும்போதுதான் ஓரத்துல இருக்குற வெத்து இடத்த வெட்டணும், ஒவ்வொரு துண்டையும் வெட்டிச் சேத்தா "உள்ள வந்துட்டோம்"ங்கிறது "உள்ளவந்துட்டோம்"னு ஒட்டிக்கும், அதையே டெக்ஸ்ட் டு ஸ்பீச் படிச்சா கேக்கவே வேணாம். ஆண்ட்ராய்டுல டேக்குக்குள்ள இருக்குற டெக்ஸ்ட்ட ஒரே மூச்சுல எடுக்குற ஃபங்ஷன் உள்ள இன்னொரு டேக் இருந்தா எக்ஸப்ஷன் எறியும், நம்ம ஃபைல்ல பத்திக்குள்ள சொல் டேக் இருக்குறதால அது ஆகாது, பத்தியவும் ஒரு குட்டி லிஸ்ட்டா, எழுத்து, சொல், எழுத்துன்னு நாமளே அடுக்கணும்.

மேல சொன்ன குழி இதுதான். சொல் டேக்ல இருக்குற 'ொ'ங்கிற குறிய ஒரே கோட்பாயிண்ட்டாவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியா ரெண்டாவும் அடிக்கலாம், கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். யூனிகோட் கணக்குல ரெண்டும் சமம், ஆனா எக்ஸ்எம்எல் பார்சர் அதச் சரி பண்ணித் தராது. ஸ்விஃப்ட்ல ரெண்டு ஸ்ட்ரிங்க ஒப்பிட்டா சமம்னு சொல்லும், கோட்லின்ல வேறன்னு சொல்லும். அதனால ஒரே ஃபைல் ஐபோன்ல சரியா வரும், ஆண்ட்ராய்டுல அந்த டேக் தெரியாததாப் போயிரும், ரெண்டு டெவலப்பரும் "என்கிட்ட வேலை செய்யுதே"ன்னு நிப்பாங்க. டேக் பேர ஒப்பிடுறதுக்கு முன்னாடி என்எஃப்சிக்கு (ரெண்டு விதமா அடிச்சதையும் ஒரே வடிவமாக்குற யூனிகோட் முறை) மாத்திக்கங்க, ஒரு வரி வேலை.

டேட்டா பைண்டிங் நாலாவது. கிளாஸ் எழுதி மேல அனோடேஷன் ஒட்டினா அதுவே நிரப்பிக்கும். ஒரே வகை லிஸ்ட்டுக்கு அருமை, கலந்து வர்றதுக்குத்தான் கொஞ்சம் தேடணும். ஆண்ட்ராய்டுல சிம்பிள் லைப்ரரியில எலிமெண்ட் லிஸ்ட் யூனியன்னு ஒரு அனோடேஷன் இருக்கு, பல டேக்க ஒரே லிஸ்ட்ல வரிசையாப் போடும், வேலை செய்யுது. ஆனா அந்த லைப்ரரி வருஷக்கணக்கா அப்டேட் இல்லாமக் கெடக்கு, ரெட்ரோஃபிட்லயும் (நெட்ல இருந்து டேட்டா எடுக்குற லைப்ரரி) அதோட கன்வர்ட்டர டெப்ரிகேட் பண்ணிட்டாங்க, புதுசாத் தொடங்குற ஆப்புல நான் சேக்க மாட்டேன். ஸ்விஃப்ட்ல எக்ஸ்எம்எல் கோடர்ல ஈனத்துக்குன்னு சாய்ஸ் கீ இருக்கு, அது நல்லாவே இருக்கு. பத்திக்குள்ள எழுத்தும் டேக்கும் கலந்து வர்ற இடத்துலதான் பைண்டிங் எல்லாமே முக்கும்.

ரியாக்ட் நேட்டிவ்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. ஃபாஸ்ட் எக்ஸ்எம்எல் பார்சர்ல பிரிசர்வ் ஆர்டர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஆன் பண்ணா ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலா எல்லாமே அரேயா வரும், ஒவ்வொரு ஐட்டத்துலயும் டேக் பேரே கீ. பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா வரிசை கச்சிதம், நடந்து போக ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதிக்கிட்டாப் போதும். கூடவே டெக்ஸ்ட்டோட ஓரத்த வெட்டுற ஆப்ஷன் டிஃபால்ட்டா ஆன்ல இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா சொல் டேக்குக்கு முன்ன பின்ன இருக்குற இடைவெளி போயிரும். எக்ஸ்எம்எல்2ஜேஎஸ் எடுத்தாலும் சில்ட்ரன் வரிசையக் காப்பாத்துற ஆப்ஷன் இருக்கு, ரெண்டு மூணு ஆப்ஷனச் சேத்து ஆன் பண்ணணும், நோடுக்காக எழுதுனதுங்கிறதால போன்ல ஓட்ட கூடுதல் சாமான் கேக்கும். நான் முதல் ஆளத்தான் எடுப்பேன்.

இப்ப சில பேரு சொல்றது, "எதுக்கு இவ்ளோ, ஒவ்வொரு டேக்லயும் வரிசை="1", வரிசை="2"ன்னு ஆட்ரிபியூட் போட்டுட்டா எந்த மேப்ல போட்டாலும் கடைசியில சார்ட் பண்ணிக்கலாமே". பண்ணலாம். ஃபைல் நம்ம கையில இல்லாத மூணாவது சிஸ்டம் வழியா வந்து, அது நடுவுல கலைச்சுப் போடும்னு தெரிஞ்சா இதுதான் ஒரே காப்பு. மத்தபடி எனக்கு இது புடிக்கல. முகப்புக்கும் வளவுக்கும் நடுவுல ஒரு பத்தி புதுசாச் சேத்தா கீழ இருக்குற எல்லா நம்பரையும் மாத்தணும், மாத்த மாட்டாங்க, ஒரே நம்பர் ரெண்டு இடத்துல இருக்கும். பத்து பத்தா விட்டு நம்பர் போடுறவங்க உண்டு, கொஞ்ச நாள் தாங்கும். அத விட, ஃபைல்ல இருக்குற இடம் ஒண்ணு சொல்லும் நம்பர் ஒண்ணு சொல்லும், எது உண்மைன்னு எழுதுனவங்களுக்கே தெரியாமப் போகும். ஆட்ரிபியூட் எப்பவும் ஸ்ட்ரிங்தான்ங்கிறத மறந்து அப்டியே சார்ட் பண்ணா 10 வந்து 2க்கு முன்னாடி நிக்கும்ங்கிறது தனிக்கதை.

இன்னொரு வழி, போன்ல எக்ஸ்எம்எல்லயே தொட வேண்டாம், சர்வர்லயே ஒரு தடவ படிச்சு ஜேசன் அரேயா மாத்தி அனுப்பிரலாம். அரேக்கு வரிசை உண்டு, ஆப்ஜெக்ட்டுக்குக் கிடையாதுன்னு ஜேசன் ஸ்பெக்லயே இருக்கு, அதனால வகை, மேட்டர்னு சின்னச் சின்ன ஆப்ஜெக்ட்ட ஒரே அரேயில அடுக்கினா எந்தப் போன்லயும் கலையாது. பார்சிங் கோடும் ஒரே இடத்துல. சொந்தமா சர்வர் இருக்குற டீமுக்கு உண்மையில இதுதான் லாபம். எங்களுக்கு ஒத்து வரல, பதிவு டீம் ஃபைல நேரா ஒரு ஸ்டோரேஜ்ல போடுறாங்க, நடுவுல ஒரு சர்வர ஓட்டி அதுக்கு மாசா மாசம் காசு கட்டி, அது படுத்தா எழுப்ப ஆள் போட்டு... சின்ன டீமுக்கு அது வீண் சுமை.

இவ்ளோ பாத்துப் பாத்துப் படிச்ச வரிசைய டேட்டாபேஸ்ல போட்டுத் தொலைக்குறது தனி. அந்த வீட்டுச் சுவரு இருக்குற தடிமனுக்கு வளவுக்குள்ள சிக்னல் பல போன்ல ஒத்தக் கோட்டுல நிக்கும், அதனால எல்லாத்தையும் முன்னாடியே எறக்கி எஸ்க்யூலைட்ல (போனுக்குள்ளயே இருக்குற டேட்டாபேஸ்) வச்சுத்தான் ஆகணும். எஸ்க்யூலைட்ல ஆர்டர் பை போடாம எடுத்தா எந்த வரிசையில வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஆனா பெரும்பாலும் போட்ட வரிசையிலதான் வந்துக்கிட்டு இருக்கும், அதுதான் ஏமாத்தும். பதிவு டீம் ஒரு பத்தியில எழுத்துப்பிழை திருத்தி அனுப்புவாங்க, நாம ரூம்ல (ஆண்ட்ராய்டுல எஸ்க்யூலைட்டக் கையாளுற லைப்ரரி) ரிப்ளேஸ்னு போட்டிருப்போம், ரிப்ளேஸ்ங்கிறது உள்ளுக்குள்ள பழைய வரிய அழிச்சுட்டுப் புது வரி போடுறது, ஐடி ஸ்ட்ரிங்கா இருந்தா அந்த வரிக்குப் புது ரோ ஐடி கிடைச்சு கடைசிக்குப் போயிரும். கஜலட்சுமி பத்தி அடுப்படிக்கு அப்புறம் வரும்! பார்ஸ் பண்ணும்போதே இது எத்தனாவதுன்னு ஒரு எண்ண நாமளே எழுதி ஒரு காலமா (column) வச்சு, எடுக்கும்போது அத வச்சு ஆர்டர் பண்ணணும். இந்த எண் ஃபைல்ல இருக்காது, ஒவ்வொரு தடவ படிக்கும்போதும் நாமளே எண்ணிப் போடுறது, அதனால மேல சொன்ன நம்பர் சண்டை இங்க வராது. ஐபோன்ல கோர் டேட்டா (ஆப்பிளோட டேட்டா சேமிக்குற வசதி) வச்சா ஒண்ணுக்குப் பல உறவு செட்டாத்தான் (வரிசை இல்லாத தொகுப்பு) இருக்கும், ஆர்டர்டுன்னு டிக் பண்ற வசதி உண்டு, ஆனா கிளவுட்கிட் சிங்க் சேத்தா அது ஆகாது. ஸ்விஃப்ட் டேட்டாவுல பாக்க அரே மாதிரி இருக்கும், வரிசைக்கு உத்தரவாதம் இல்ல. அங்கயும் அதே எண் காலம்தான்.

எங்க முடிவு இது: ஆண்ட்ராய்டுல புல் பார்சர், ஐபோன்ல கூட வர்ற எக்ஸ்எம்எல் பார்சர், ரெண்டுலயும் ஒரே லிஸ்ட், டேட்டாபேஸ்ல ஒரு எண் காலம். வெளி லைப்ரரி எதுவும் இல்ல. ஃப்ளட்டர்னா எக்ஸ்எம்எல் பேக்கேஜ், ரியாக்ட் நேட்டிவ்னா ஃபாஸ்ட் எக்ஸ்எம்எல் பார்சர் பிரிசர்வ் ஆர்டரோட. ஆண்ட்ராய்டு மட்டும் பண்றவங்க, ஃபைல் சின்னதுன்னா, டாம் எடுத்தாலும் குத்தமில்ல, கோடு இன்னும் குறையும். சர்வர் கையில இருந்தா ஜேசன் அரே. டெஸ்ட்டுக்கு நூறு கேஸ் எழுத வேண்டாம், பத்தி, படம், பத்தி, ஒலி, படம், பத்தின்னு மாறி மாறி வர்ற ஒரு ஃபைல், அதப் படிச்சு டேட்டாபேஸ்ல போட்டு, நடுவுல ஒரு பத்தியத் திருத்தி மறுபடி போட்டு, திரும்ப எடுத்து வகைப் பேர மட்டும் வரிசையா ஒட்டிப் பாருங்க. அந்த ஒரு ஸ்ட்ரிங் ரெண்டு போன்லயும் ஃபைல்ல இருக்குற மாதிரியே வந்தாப் போதும்.

இதுல அடங்காத ஒரு விஷயம் இப்ப வந்து நிக்குது. சில வீட்டுல டூரிஸ்ட்டப் பின்வாசல் வழியா உள்ள விடுறாங்க, அடுப்படியில ஆரம்பிச்சு முகப்புல முடியும். கைடு அண்ணன் கேட்டாரு, "அதே லிஸ்ட்டத் திருப்பிப் போட்டா வந்துராதா தம்பி?". வராது, ஏன்னா பத்திக்குள்ள "இப்ப உள்ள வந்துட்டோம்"னு எழுதியிருக்கு, படம் அந்தப் பத்திக்கு அப்புறம் வரணும், முழுசாத் திருப்பினா படம் முன்னாடி வந்துரும். அதுக்கு வளவு, முகப்புன்னு ஒவ்வொரு கட்டையும் தனி டேக்ல மூட்டை கட்டி ஐடி குடுத்து, எந்த வழியில எந்தக் கட்டு முதல்லங்கிறத மட்டும் வழின்னு இன்னொரு டேக்ல ஐடி ஐடியா அடுக்கச் சொல்லி பதிவு டீம்கிட்டக் கேட்டிருக்கோம். கட்டுக்குள்ள ஃபைல் வரிசை, கட்டுக்கும் கட்டுக்கும் நடுவுல வழி டேக்கோட வரிசை. பத்தியில இருக்குற "உள்ள வந்துட்டோம்" மாதிரி வரிய ரெண்டு வழிக்கும் பொருந்துற மாதிரி மாத்தி எழுதுறது அவங்க வேலை, அதுக்கு எந்த பார்சரும் உதவாது.